மேல்கோட்டை: கோயிலும் வேண்டும், குடியும் வேண்டும்

மைசூரிலிருந்து வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில், யதுகிரி மலைமேல் அமைந்துள்ளது மேல்கோட்டை என்னும் திருநாராயணபுரம். முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 1939 முதல் மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. செல்வப்பிள்ளையின் வைரமுடி சேவையைப் பற்றிக் கேள்விப்படாத அன்பர்கள் நம்மில் அரிது. ஆனால் ஸந்நிதியைச் சுற்றியுள்ள வீதிகளின் சரித்திரத்தை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழநாட்டை விட்டு வந்த ஸ்ரீ ராமானுஜர், ஹொய்சள மன்னர் விஷ்ணுவர்த்தனர் காலத்தில் சுமார் 12 ஆண்டுகள் இப்பகுதியில் வாழ்ந்தார் என்பது ஸம்பிரதாய வரலாறு. அவர் கோயிலைச் சீரமைத்ததோடு நிற்கவில்லை. கைங்கர்யங்களைப் பகிர்ந்தளித்து ஐம்பத்திருவரை அங்கே நிலைநிறுத்தினார். செல்வப்பிள்ளையை மீட்டுவர உதவிய எளிய மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, கோயிலில் உரிமையும் அளித்தார். அதாவது, கோயிலோடு ஓர் ஊரையும் ஏற்படுத்தினார்.

அந்த ஊர் ஒருமுறைக்கு மேல் காலியாகியிருக்கிறது. 1771-ல் அருகிலுள்ள சின்குரளியில் ஹைதர் அலியின் படையை மராட்டியர் முறியடித்தபோது, மேல்கோட்டை மக்கள் காடுகளுக்குள் ஓடினர். தேர்களில் இருந்த இரும்புக்காகப் படையினர் அவற்றைக் கொளுத்த, தீ கட்டடங்களுக்கும் பரவியதாக லூயிஸ் ரைஸ் தொகுத்த மைசூர் கெஜட்டியர் கூறுகிறது. ஆயினும் குடும்பங்கள் திரும்பி வந்தன. 1854-ல் ஸம்ஸ்கிருத பாடசாலையும், 1977-ல் ஸம்ஸ்கிருத ஆராய்ச்சி நிலையமும் இங்கே தோன்றின. கன்னடக் கவிஞர் பு.தி. நரஸிம்மாசார் பிறந்ததும் இவ்வூரில்தான்.

இப்போது ஊர் காலியாவது படையெடுப்பால் அல்ல; படிப்பும் உத்தியோகமும்தான் காரணம். பெங்களூர், சென்னை, அமெரிக்கா என்று பிள்ளைகள் போய்விட, தாத்தா கட்டிய வீடு பல பங்காளிகளுக்குப் பொதுச் சொத்தாகிப் பூட்டிக் கிடக்கிறது. உத்ஸவத்துக்குத் திறந்து, மறுநாளே பூட்டினால் எந்த வீடும் நிலைக்காது.

பழைய ஊரைப் புதுப்பிப்பது என்றாலே கோபுரம், குளம், விளக்கு அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அரசாங்கத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவற்றுக்குத் தொகை ஒதுக்குவது எளிது, சாக்கடைக்கும் வீட்டுக் கூரைக்கும் ஒதுக்குவது கடினம். நம் மாநில உதாரணமே இருக்கிறது. 1986-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஹம்பியில், 2011 ஜூலையில் விரூபாக்ஷர் கோயில் முன்னுள்ள கடைவீதியில் குடியிருந்த குடும்பங்கள் அகற்றப்பட்டு, அவர்கள் கட்டியிருந்தவை இடிக்கப்பட்டன. கல் மண்டபங்கள் காப்பாற்றப்பட்டன. வீதியின் உயிர் போயிற்று.

இதற்கு நேர்மாறாக, இத்தாலியிலுள்ள போலோனா நகரசபை 1973-ல் ஒரு திட்டம் வகுத்தது. பழைய வீடுகளைப் பொதுப்பணத்தில் செப்பனிட்டு, அங்கிருந்த எளிய குடிகளையே தாங்கக்கூடிய வாடகையில் தொடர்ந்து வாழச் செய்வதே அதன் நோக்கம். வீட்டைக் காப்பதும் குடியைக் காப்பதும் ஒரே வேலை என்பதை அந்நகரம் உணர்ந்தது.

வீட்டைச் செப்பனிடுவதிலும் விஷயம் இருக்கிறது. பழைய சுவர்கள் மண்ணும் சுண்ணாம்பும் கொண்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அவை வெளியே ஆவியாக விடும். அவற்றின்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு படிகமாகி, பூச்சோடு சுவரையும் உதிர்க்கும். எனவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே தகுந்தது. மழைக்கு முன் ஓடு மாற்றினாலே வீட்டின் ஆயுள் பல ஆண்டுகள் கூடும். உள்ளே நல்ல கழிப்பறை, குழாய்த் தண்ணீர், பாதுகாப்பான மின்கம்பி ஆகியவற்றை அமைப்பதால் பாரம்பரியம் ஒன்றும் கெட்டுவிடாது. இவை இல்லாத வீட்டில் வயதானவர்கள் எப்படி வாழ முடியும்?

வைரமுடிக்கு லட்சக்கணக்கானோர் வரும் ஊரில், வாகனங்களை மலையடிவாரத்திலேயே நிறுத்துவதும், குப்பையையும் கழிவுநீரையும் ஒழுங்காக அகற்றுவதும் அரசின் கடமை. ஆனால் பூட்டு நம் கையில் இருக்கிறது. மேல்கோட்டையில் பூர்வீக வீடு உள்ள அன்பர்கள் செய்யக்கூடியவை மூன்று. பங்காளிகள் கூடிப் பேசிப் பத்திரத்தையும் கட்டாவையும் ஒழுங்கு செய்யலாம். ஆண்டுதோறும் கூரையைப் பார்வையிடலாம். பாடசாலை மாணவருக்கோ, கைங்கர்யபரருக்கோ, ஊரிலேயே தொழில் செய்யும் எந்தக் குடும்பத்துக்கோ முறையான ஒப்பந்தத்தோடு நியாயமான வாடகைக்கு விடலாம். எதுவும் இயலாவிடில், குடியிருக்க விரும்புபவருக்கே விற்கலாம்.

விளக்கேற்ற ஆள் இல்லாத வீதியில் பெருமாள் புறப்பாடு கண்டு என்ன பயன்? ஸ்ரீ ராமானுஜர் குடியமர்த்திய ஊரில் குடிகள் தொடர்ந்து இருக்கும்படி செய்வதும் ஒரு கைங்கர்யமே.