குடும்ப வரலாற்றுத் தேடல் (நட்டால் தமிழர்)

தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது குறித்த ஆண்டுகள் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் உழைக்க ஒப்பியவர்களாக, சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் மேற்கொள்ளும் முன்னோர் தேடல், வீட்டு முதியோரிடம் பெயர், ஊர், உறவுமுறை ஆகியவற்றைக் கேட்டுக் குறிப்பதில் தொடங்கி, பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள் வழியே தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்கிறது. இக்கூலிகளை ஏற்றிச் சென்ற முதற்கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் குடியேற்ற எண் வழங்கப்பட்டது. தேடும் முன்னோரின் அவ்வெண் கிடைத்தால், கப்பலில் வந்தோரின் பட்டியலில் அவர்தம் தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், சிற்றூர், உடல் அடையாளம் வரை காணக்கூடும். எழுத்தர்கள் தமிழ்ப் பெயர்களைக் காதில் விழுந்தவாறே ஆங்கிலத்தில் எழுதியதாலும், தந்தையின் பெயரே பல வீடுகளில் பின்னர் குடும்பப் பெயராக நிலைத்ததாலும், பெயரை மட்டும் நம்பித் தேடுவோர் வேறொருவரின் முன்னோரிடம் போய்ச் சேர்வதும் உண்டு.