அந்த மாலைப் பேச்சு

1830 ஆகஸ்ட் 2. பாரிஸில் ஜூலைப் புரட்சி வெடித்த செய்தி அன்றுதான் வைமாருக்கு எட்டியது. ஊரே கலகலத்துக் கிடந்தது. இளவரசனுக்கு ஆசிரியராக இருந்த ஜெனீவாக்காரர் சொரே, கதேயைப் பார்க்கப் போனார். எரிமலை வெடித்துவிட்டது, இனி மூடிய கதவுக்குப் பின்னால் எதையும் பேசி முடிக்க முடியாது என்று கதே உற்சாகமாக ஆரம்பித்தார். சொரே மந்திரிகளின் லட்சணம் பற்றியும் அரச குடும்பம் நாடு கடந்து போகவேண்டியது பற்றியும் ஏதோ சொன்னார். கதே குறுக்கிட்டார். அவர் பேசியது அந்த மனிதர்களைப் பற்றியே அல்ல. பாரிஸ் விஞ்ஞான அகாதமியில் க்யூவியேவும் ஜொஃப்ருவா சேந்திலேரும் பகிரங்கமாக மோதிக்கொண்டதைப் பற்றி. பிராணிகளின் உடலமைப்பு நான்கு தனி வகை, ஒன்றோடொன்று உறவில்லை என்பது க்யூவியே கட்சி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே திட்டம் என்பது ஜொஃப்ருவா கட்சி.

சொரேயின் குறிப்பை எக்கர்மான் தம் நூலின் மூன்றாம் பாகத்தில் சேர்த்து வெளியிட்டது 1848இல். ஐரோப்பாவில் மறுபடியும் புரட்சி!

தெருவில் பிணம் விழும்போது கிழவர் எலும்பைப் பற்றிப் பேசினார் என்று இதைச் சொல்லிக்காட்டுகிறவர்கள் உண்டு. உருவத்தைப் பற்றிப் பேசுகிற எவன்மேலும் விழும் பழைய கல்தான். எனக்கு அப்படிப் படவில்லை. மனிதனுக்கு இடைத்தாடை எலும்பு கிடையாது, மிருகத்திலிருந்து அவனைப் பிரிப்பதே அதுதான் என்று நிபுணர்கள் சொல்லிவந்த காலத்தில், 1784இல், அது இருக்கிறது என்று காட்ட முயன்றவர் கதே. காம்பரும் ப்ளூமன்பாக்கும் ஏற்கவில்லை. கட்டுரை அச்சேறியது 1820இல். எண்பது வயதில் தமக்கு ஒரு கூட்டாளி கிடைத்த செய்திதான் அன்று அவருக்குப் பாரிஸிலிருந்து வந்தது.

ஆனால் அதோடு அவரை விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. 1792இல் புரட்சிப் பிரான்ஸுக்கு எதிராகப் போன படையோடு கதேயும் போனார். வெர்டன் நகர்மேல் குண்டு விழுந்த இரவில், இப்போது என்ன வேலை நடக்கிறது என்று ஓர் இளவரசர் கேட்டார். நாடகமோ நாவலோ என்று பதில் வரும் என எதிர்பார்த்தவரிடம் கதே நிறங்களைப் பற்றிப் பேசினார். அவருடைய எஜமானர் கார்ல் ஆகஸ்ட் பிரபு அதே படையில்தான் இருந்தார். யுத்தத்தைப் பேசினால் எஜமானரைப் பேசவேண்டிவரும். நிறங்கள்மேல் அவருக்கிருந்த பித்து நிஜம்; அந்த இரவில் அது ஒரு புகலிடமும்கூட.

சொரேயை யாரும் கவனிப்பதில்லை. அவரும் விஞ்ஞானம் படித்தவர்; கதேயின் தாவர நூலைப் பிரெஞ்சில் கொண்டுவர உழைத்தவர். ஆனாலும் எரிமலை என்றதும் ஊர் பேசியதுதான் அவர் வாயில் வந்தது. பெரிய சம்பவம் என்றால் அது ஒன்றாகத்தான் இருக்கமுடியும் என்று யார் அவருக்குச் சொன்னது?

பாரிஸ் தர்க்கத்தைப் பற்றிக் கதே இரண்டு பகுதிகளாக எழுதினார். இரண்டாவது பகுதி 1832 மார்ச்சைச் சேர்ந்தது. அந்த மாதம் 22ஆம் தேதி அவர் காலமானார்.