துண்டு: ஒரு காகிதமும் ஒரு சட்டமும் பிறந்த கதை

ஒரு தாள். அதில் நான்கைந்து வரி. ஆட்களைத் திரட்டிவந்த இன்ன கங்காணியையும் அவனுடைய ஆட்கள் இத்தனை பேரையும், இத்தனை ரூபாய் கட்டினால், இன்ன தேதிக்குள் விடுவிக்கத் தயார் என்று எழுதியிருக்கும். கீழே தோட்டத்தை நடத்தும் துரையின் கையெழுத்து. ஆட்களின் பெயர் தேவையில்லை, தொகை தெரிந்தால் போதும். கண்டியைச் சுற்றியிருந்த தோட்டங்களில் இந்தத் தாளைத் துண்டு என்றார்கள். கங்காணி இதை மடியில் செருகிக்கொண்டு அடுத்த தோட்டத்துத் துரையைப் பார்க்கப் புறப்படுவான்.

இன்று இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் 360இ என்றொரு பிரிவு உண்டு. பணத்துக்காகவோ வேறு பிரதிபலனுக்காகவோ ஓர் ஆளை வாங்குவதும் விற்பதும் பண்டமாற்றுச் செய்வதும் அதன்படி ஆட்கடத்தல். துண்டு இன்று எழுதப்பட்டால் எழுதியவரும் வாங்கியவரும் அந்தப் பிரிவுக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும். அன்றோ அது தோட்டத்து அலுவலகத்தில் அன்றாட வேலை. அந்தத் தாள் எப்படிப் பிறந்தது, எப்படி ஒழிந்தது என்று பார்த்தால், நம் நாட்டில் ஆட்கடத்தலுக்கு எதிரான சட்டம் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதும் தெரிந்துவிடும்.

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் கைக்குப் போனது. அடுத்த பத்தாண்டுக்குள் கொழும்பிலிருந்து பாதை வெட்டினார்கள். கம்பளைக்குப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி நட்டார். ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் தாமே கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் வைத்தார். நிலம் கிடைத்தது, முதல் கிடைத்தது, ஆள்தான் கிடைக்கவில்லை. சொந்த வயலும் வீட்டுத்தோட்டமும் வைத்திருந்த கண்டிச் சிங்களக் கிராமத்தார் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தங்கிக் கூலி வேலை செய்ய முன்வரவில்லை. ஆகவே பார்வை கடலுக்கு அப்பால் திரும்பியது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் என்று பஞ்சம் தின்ற ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து காட்டுவழி நடந்து தம்புள்ளை, மாத்தளை, கண்டி. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

அழைத்துவந்தவன் கங்காணி. ஊரில் பட்ட கடனை அடைக்க, வீட்டில் ஒரு மூட்டை அரிசி வைக்க, தோணிக்கும் வழிச்சோற்றுக்கும் என்று அவன் முன்பணம் கொடுத்தான். அந்தப் பணம் தோட்டத்திலிருந்து அவனுக்கு வந்தது. தோட்டத்துக்கு அவன் கடனாளி, அவனுக்கு ஆட்கள் கடனாளி. மலையகத்து வாழ்க்கை அடியெடுத்து வைத்ததே கடன் கணக்கில்தான்.

சட்டம் அப்போது எங்கே இருந்தது? 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலையாட்களை ஒழுங்குபடுத்த வந்தது. மூன்றாண்டு கழித்து, 1844இல், இலங்கையில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது. ஒரு பக்கம் அடிமை இல்லை என்ற பிரகடனம். மறுபக்கம், சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் தண்டனை. 1865இன் 11ஆம் இலக்கச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. மாத ஒப்பந்தம் என்று பேச்சு. அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டு ஓடினால் நீதிமன்றம், தண்டம், சிறை. சம்பளம் மாதக்கணக்கில் பாக்கியாய் நின்றாலும் ஓடியவன்தான் குற்றவாளி. பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் பலவற்றில் இருந்த ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலி முறை இங்கே இல்லை, எங்கள் கூலிகள் சுதந்திரமானவர்கள் என்று இலங்கைத் தோட்டக்காரர்கள் பெருமை பேசினார்கள். ஒப்பந்தப் பத்திரம் இல்லாதது உண்மை. அதன் வேலையைக் கடன் செய்தது.

இந்தக் கடனுக்குப் பிறந்த பிள்ளைதான் துண்டு. ஹேவாஹெட்டையில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது; அடுத்த இருபது ஆண்டில் கோப்பி அழிந்து தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் அதிக ஆள் வேண்டும், வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். ஆண், பெண், பிள்ளை என்று குடும்பமே லயத்தில் நிரந்தரமாய் இருக்க வேண்டும். ஆளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் துரைமார் ஒருவர் ஆளை ஒருவர் இழுக்கத் தொடங்கினார்கள்.

இழுக்கும் விதம் இது. உதாரணத்துக்கு, ஒரு கங்காணியிடம் முப்பது பேர். தோட்டத்துக்கு அவன் கட்டவேண்டிய கடன் தொள்ளாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவன் துரையிடம் துண்டு கேட்பான். துரைக்கும் கையில் காசு தேவையென்றால் எழுதிக் கொடுப்பார். பக்கத்துத் தோட்டத்துத் துரை தொள்ளாயிரத்தைக் கட்டி முப்பது பேரையும் எடுத்துக்கொள்வார். கங்காணியின் மனம் குளிர மேலே ஒரு நூறும் கொடுப்பார். ஆக, புதிய தோட்டத்தின் ஏட்டில் கடன் ஆயிரமாகிவிட்டது. அந்த நூறு ரூபாயைக் கண்ணால் காணாத முப்பது பேரின் தலையிலும் அது ஏறும். கொழுந்து எடுத்த பெண்ணுக்குத் தன் பேரில் எவ்வளவு நிற்கிறது என்று தெரியாது. கணக்கு கங்காணியின் கையில், சம்பளமும் அவன் கை வழியாகவே. வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் நாளொன்றுக்கு இத்தனை சதம் என்று தலைக்காசும் அவனுக்கு உண்டு.

ஒரு தோட்டத்துக் கடன் இன்னொரு தோட்டத்துக்கு மாறிமாறிப் போக, தொகை வளர்ந்துகொண்டே இருந்தது. கண்டியில் 1854இல் தொடங்கிய தோட்டக்காரர் சங்கத்துக்கே இது தலைவலியாகிவிட்டது. ஆனால் அவர்களுடைய முறைப்பாடு வேறு: ஆள் நிலைப்பதில்லை, முன்பணம் திரும்புவதில்லை, கங்காணி ஏமாற்றுகிறான். 1889இன் 13ஆம் இலக்கச் சட்டம், 1908இன் தொழிலாளர் ஆணைக்குழு என்று அரசாங்கம் இடையிடையே கைவைத்தது. கிளை கழிந்தது, வேர் அப்படியே நின்றது.

வேரைத் தொட்டுப் பேசியவர்கள் தோட்டக்காரர்கள் அல்ல. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கினார். வேலையை விட்டதற்காக ஒரு மனிதனைச் சிறையில் போடுவது நாகரிக அரசுக்கு அடுக்காது என்பது அந்த இயக்கத்தின் வாதம். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த பெரி. சுந்தரம் அவரோடு நின்றார். 1931இல் அமைச்சரானபோது தொழில் துறை இவரிடமே வந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரியாய்ப் போய் நிலைமையைப் பார்த்து எழுதினார்.

கடலுக்கு அப்பாலும் நெருக்கடி. ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றுவதை இந்தியா 1917இல் நிறுத்தியது. அதே ஆண்டு, சென்னை அரசாங்கம் அனுப்பிய மார்ஜோரிபேங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் இருவரும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போகும் தொழிலாளர் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். இலங்கைக்கும் கதவு அடைபடலாம் என்ற பயம் தோட்டக்காரர்களுக்குப் பிடித்தது. நியாயம் பேசி ஆகாத காரியம் ஆள் வராமல் போகும் என்ற பயத்தில் ஆனது.

1921இன் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டை ஒழித்தது. வேலையை விட்ட தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் வழக்கமும் அந்தக் காலத்தோடு முடிந்தது. 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு இலங்கையில் இந்தியக் குடியேற்றத் தொழிலாளர் கட்டளைச் சட்டம், இலக்கம் 1. அதன்படி ஆளைக் கொண்டுவரும் செலவு தோட்டங்கள் கட்டும் பொது நிதியிலிருந்து போனது. தொழிலாளியின் பேரில் எழுதக்கூடாது. இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவர் கண்டியிலேயே அலுவலகம் திறந்து, தோட்டங்களைப் பார்த்து ஆண்டறிக்கை எழுதினார். இன்று கண்டியில் இருக்கும் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் அந்த வழியில் வந்ததே. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் சேர்ந்தது.

இவற்றில் துண்டுச் சட்டம்தான் திருப்புமுனை. எண்பது ஆண்டாகச் சட்டம் ஓடியவனின் கையைப் பிடித்தது. இப்போது முதல் தடவையாக, காகிதம் எழுதியவனின் கையைப் பிடித்தது. ஆட்கடத்தலுக்கு எதிரான எந்தச் சட்டத்துக்கும் உயிர்நாடி இதுதான்.

லயம் மாறவில்லை, கங்காணியும் உடனே மறையவில்லை, 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையும் போனது. அது தனிக் கதை. சட்டத்தின் கதை 1995இல் மறுபடி தொடர்கிறது. அந்த ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் ஆள் விற்பனையைத் தண்டனைச் சட்டக்கோவைக்குள் கொண்டுவந்தது. 2006இன் 16ஆம் இலக்கத் திருத்தம் அதை விரித்தது: மிரட்டி, ஏமாற்றி, ஆசை காட்டி, அல்லது ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்தி, கட்டாய வேலைக்கோ பாலியல் சுரண்டலுக்கோ ஆள் சேர்த்தால், கொண்டுபோனால், ஒளித்துவைத்தால் இரண்டு முதல் இருபது ஆண்டு வரை சிறை. அதே திருத்தம் சேர்த்த 358அ பிரிவில் கடனைக் காட்டி ஒருவரைப் பிணைத்துவைப்பது தனிக் குற்றம். துண்டு ஒழிந்து எண்பத்தைந்து ஆண்டு கழித்து, அதன் அடியில் இருந்த கடனுக்கும் குற்றம் என்று பெயர் வந்தது. ஐ.நா.வின் ஆட்கடத்தல் தடுப்பு நெறிமுறையை இலங்கை 2015இல் உறுதி செய்தது.

ஏட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனால் கண்டி, மாத்தளை, நுவரெலியா லயங்களுக்கு இன்றும் முன்பணத்தோடு ஆள் வருகிறான். இப்போது அவன் பெயர் உப முகவர். வளைகுடா நாட்டில் வீட்டு வேலைக்குப் போகச் சம்மதித்தால் குடும்பத்தின் கையில் பணம். போன இடத்தில் கடவுச்சீட்டு வீட்டுக்காரரிடம், சம்பளம் பாக்கியில். திரும்ப வேண்டும் என்று கேட்டால், உனக்காகச் செலவழித்த காசைக் கட்டிவிட்டுப் போ என்பார்கள். துரையின் கையெழுத்து இல்லை, கணக்கு அதேதான்.

சட்டம் வலுப்பட வேண்டிய இடமும் இதுதான். 360இ பிரிவில் நிரூபிக்க வேண்டியது அதிகம் என்று பொலிஸார் பல வழக்குகளை எளிய பிரிவுக்கு இறக்கிவிடுகிறார்கள், தண்டனையும் இறங்கிவிடுகிறது. அதைவிட மோசம், கடத்தப்பட்ட பெண்ணே கைதியாக நிற்பது. விபசாரத்துக்குத் தள்ளப்பட்டவர்கள்மேல் பாய்வது நாடோடிகள் கட்டளைச் சட்டம். அதன் இலக்கம் 4, ஆண்டு 1841. தோட்டத்தை விட்டு ஓடியவனைப் பிடித்த 5ஆம் இலக்கச் சட்டத்தின் உடன்பிறப்பு. ஐந்து போய்விட்டது, நான்கு இன்னும் ஏட்டில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரைப் பிடிக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டு கடத்தியவரைப் பிடிக்கப் பாதிக்கப்பட்டவரையே சாட்சி சொல்லக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? நான்காம் இலக்கத்தை நீக்காதவரை 360இ பாதிச் சட்டம்தான்.

பாராளுமன்றம் அதைச் செய்யட்டும். லயத்து வாசலுக்கு முன்பணத்தோடு ஒருவர் வந்தால் நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். அதுவரை பணத்தையும் வாங்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்.