பீடியை விடுறதுக்கு இன்சூரன்ஸ் உண்டா? - ஒரு கந்தகபூமி வரலாறு

தலைப்பைப் பார்த்துட்டு, "பொட்டி தட்டுறதை விட்டுட்டு இவன் பாலிசி விக்கக் கிளம்பிட்டான்"னு நினைக்காதீங்க மக்களே. சத்தியமா இது வரலாற்றுப் பதிவுதான். பிரீமியம் எதுவும் கேக்க மாட்டேன் :-)

கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அறுபது வயசு தாண்டின ஒருத்தர். நாப்பது வருசமா பீடி. ஒரு நாள் "போதும், விட்டுடலாம்"னு முடிவு பண்றார். டாக்டர் ஆலோசனை, நிக்கோட்டின் சூயிங்கம், மாத்திரைன்னு கொஞ்சம் செலவு ஆகும். இதுக்கு நம்ம ஊர்ல எந்தக் காப்பீடாவது காசு கொடுக்குமா? அதே மனுசருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தா, கீமோவுக்கும் ஆபரேஷனுக்கும் லட்சக்கணக்குல கொடுக்கத் திட்டம் இருக்கு. வராம இருக்க அவர் செய்யுற முயற்சிக்கு மட்டும் யாரும் பையைத் திறக்கிறதில்லை. இது ஏன் இப்படி ஆச்சுன்னு தேடிப் போனா கதை 1940கள் வரைக்கும் போகுது.

தீக்குச்சி ஊர்

சிவகாசி பக்கத்துல இருந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறதுல ஒரு தனி வேடிக்கை உண்டு. 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்ததும், அடுத்த வருசமே இங்க தொழில் ஆரம்பிச்சதும் ஊரறிஞ்ச கதை. அப்புறம் பட்டாசு, அப்புறம் லித்தோ அச்சகம். பீடி பத்த வைக்கிற குச்சியும் இங்கதான், பீடிக்கட்டு மேல ஒட்டுற லேபிளும் இங்கதான்.

இன்னொரு வேடிக்கை. பட்டாசு ஆலைக்குள்ள புகைபிடிக்கக் கூடாது, தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாதுங்கிறது வெடிபொருள் விதி. பீடிப் பழக்கம் உள்ளவர்கூட வேலை நேரம் பூரா வாயை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். விசில் ஊதினதும் கேட்டைத் தாண்டி முதல் பீடி. அதாவது நம்ம பகுதி ஆலைத் தொழிலாளி தினமும் எட்டு மணி நேரம் பீடியை "விட்டவர்"தான். மிச்சம் பதினாறு மணி நேரத்துக்குத்தான் உதவி வேணும்.

1948ல வந்த நல்ல சட்டம்

1943ல, வெள்ளைக்காரன் காலத்துலயே, தொழிலாளர் உடல்நலக் காப்பீடு பத்தி அறிக்கை கேட்டு பேராசிரியர் பி.பி. அதார்க்கரை நியமிச்சாங்க. 1944ல அறிக்கை கொடுத்தார். அதுல இருந்து பிறந்ததுதான் 1948 தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், நம்ம வாய்மொழியில இ.எஸ்.ஐ. 1952 பிப்ரவரி 24ல கான்பூரிலயும் டெல்லியிலயும் தொடங்கி, 1955ல கோயம்புத்தூர் வழியா நம்ம மாநிலத்துக்கு வந்தது.

பத்து பேர் சேர்ந்து போட்டு ஒருத்தருக்கு எடுத்துக் கொடுக்கிறது நம்ம பகுதிக்குப் புதுசு இல்லை. விருதுநகர்லயும் சிவகாசியிலயும் வியாபாரிகள் மகமைப் பணம் சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டினவங்க. பிடி அரிசி வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைச்ச ஊரு விருதுநகர். அதைச் சட்டமா, உடம்புக்காக, நாடு முழுக்கச் செஞ்சதுதான் இ.எஸ்.ஐ.னு வச்சுக்கோங்க.

இந்தச் சட்டத்துல நான் முக்கியமாப் பார்க்கிறது வேற. படுக்கையில சேர்ந்தாத்தான் காசுன்னு இது சொல்லல. சாதாரண ஓ.பி. சீட்டுக்கும் வைத்தியம் உண்டு, மருந்து உண்டு. காசநோய் மாதிரி நீண்ட நாள் வியாதின்னா கூடுதல் விடுப்புச் சம்பளமும் உண்டு. நுரையீரல் அடைப்பு நோயும் பின்னாடி அந்தப் பட்டியல்ல இருந்தது. "பீடியை நிறுத்த வைத்தியம்"னு தனியா ஒரு வரி அதுல கிடையாது. ஆனா ஒரு டாக்டர் பத்து நிமிசம் உட்கார வைச்சுப் பேசி மருந்து எழுதிக் கொடுக்கிறதுக்குக் கதவு திறந்திருந்தது. பீடியை விடுறது முழுக்க முழுக்க ஓ.பி. சமாச்சாரம். யாரும் ஐ.சி.யு.ல படுத்துக்கிட்டு பீடியை விடுறதில்லை.

சரி, அப்ப பிரச்சினை எங்க? எத்தனை பேருக்கு மேல வேலை பார்த்தா இ.எஸ்.ஐ.னு ஒரு தலைக்கணக்கு இருந்தது. தீப்பெட்டித் தொழிலோ சின்னச் சின்ன யூனிட்டா உடைஞ்சு கிடந்தது. கையால செய்யுற சின்ன யூனிட்டுக்குக் கலால் வரி குறைவுங்கிறது அதுக்கு ஒரு பெரிய காரணம். பெட்டி ஒட்டுறது வீட்டுத் திண்ணையில நடந்தது. திண்ணைக்கு ஏது தலைக்கணக்கு? வேலை பார்த்தவங்கள்ல கணிசமான பேர் அந்த நல்ல சட்டத்தோட வாசலுக்கு வெளியவே நின்னாங்க.

பக்கத்துல நெல்லைச் சீமையில பீடி சுத்துறவங்களுக்காக 1976ல தனிச் சட்டமே வந்தது. பீடிக்குத் தீர்வை போட்டு, அந்தப் பணத்துல சுத்துறவங்களுக்கு ஆஸ்பத்திரி, வீடு, பிள்ளைகளுக்கு உதவித்தொகை. முக்கூடல்ல இருக்கிற பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி அப்படி வந்ததுதான். 2017ல ஜி.எஸ்.டி. வந்தப்ப அந்தத் தீர்வை போயிடுச்சு. சுத்தினவங்களுக்கு ஒரு நிதியாவது இருந்தது. குடிச்சவங்க விடுறதுக்கு அதுலயும் வழி இல்லை.

1986ல மாறின பாதை

இங்கதான் திருப்பம். அரசுப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் 1986ல "மெடிக்ளைம்" கொண்டுவந்தாங்க. தனி மனுசர் காசு கட்டி எடுக்கிற பாலிசி. அடிப்படை விதி: ஆஸ்பத்திரியில சேரணும், பொதுவா 24 மணி நேரம் இருக்கணும். ஓ.பி. சீட்டு செல்லாது.

அதுக்கப்புறம் வந்த எல்லாமே இந்த அச்சுலதான் வார்த்தது. 2009 ஜூலையில தமிழ்நாட்டுல கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரி 11ல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018 செப்டம்பர்ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத், குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம். 2024 அக்டோபர்ல 70 வயசு தாண்டின எல்லாருக்கும், வருமானம் பார்க்காம அதை விரிச்சாங்க. இதுல எதையும் நான் குறைச்சுச் சொல்லல. பைபாஸ் பண்ணிக்கிட்டு உசுரோட நடமாடுற எத்தனையோ பேர் இந்த அட்டையாலதான் இருக்காங்க. ஆனா அட்டை வேலை செய்யுறது ஆஸ்பத்திரிப் படுக்கையில. பீடியை விடுறவர் படுக்கைக்கு வரமாட்டார். அவர் கணக்குலயே இல்லை.

தனியார் பாலிசியில இன்னும் ஒரு படி மேல. 2019ல காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா விலக்குகளை வரையறுத்தப்ப, 12ஆம் நம்பர் விலக்கு இப்படி வந்தது: குடிநோய், போதைப்பொருள், "எந்த அடிமைப் பழக்கமும்", அதுங்களோட விளைவுகளும் - இதுக்கான சிகிச்சைக்குக் காசு கிடையாது. நிக்கோட்டின் அடிமைப் பழக்கமா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. இந்த மாதிரி வரியைக் காட்டி, புகைபிடிச்சவரோட நுரையீரல் புற்றுநோய் கிளைமையே மறுத்த வழக்கு அகமதாபாத் நுகர்வோர் ஆணையத்துக்குப் போச்சு. புகைதான் காரணம்னு நிரூபணம் இல்லை, புகைக்காதவங்களுக்கும் இந்த நோய் வருதுன்னு சொல்லி, 2021ல பணத்தைக் கொடுக்கச் சொன்னாங்க. நல்ல தீர்ப்பு. ஆனா ஒவ்வொரு கிழவரும் கோர்ட்டுப் படி ஏறமுடியுமா?

"அறுபதுக்கு மேல விட்டு என்ன ஆகப்போகுது?"

டீக்கடையில இதைத்தான் சொல்வாங்க. இதுக்கு பதில் 2004லயே வந்துடுச்சு. இங்கிலாந்துல ரிச்சர்ட் டால் குழு, 1951ல இருந்து சுமார் 34,000 ஆண் டாக்டர்களை 50 வருசம் தொடர்ந்து கவனிச்சு முடிவை வெளியிட்டாங்க. 30 வயசுல விட்டவங்களுக்கு ஏறக்குறைய 10 வருசம் மிச்சம். 40ல விட்டா 9, 50ல விட்டா 6. அறுபதுல விட்டாக்கூட 3 வருசம். மூணு வருசம்னா மூணு தீபாவளி சார், அதுவும் எங்க ஊர்ல!

"அது வெள்ளைக்காரன் சிகரெட்"னு தள்ளவும் முடியாது. 2003ல டாக்டர் கஜலட்சுமி குழு சென்னையிலயும் விழுப்புரம் பக்கக் கிராமங்கள்லயும் இறந்துபோன 43,000 ஆண்களோட விவரத்தை அலசி லான்செட்ல எழுதினாங்க. அதுல நம்ம பீடியும் சேர்த்திதான். இந்தியாவுல காசநோயால சாகிற ஆண்கள்ல பாதிப் பேர் சாவுக்குப் புகை காரணம்னு கணக்கு வந்தது. கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த காத்துல வேலை பார்த்த நுரையீரலுக்கு இதை வேற சேர்த்துப் பாருங்க.

அமெரிக்காக்காரனும் 40 வருசம் தூங்கினான்

நாம மட்டும்தான் இப்படியான்னா, இல்லை. புகை கொல்லும்னு அமெரிக்க அரசு அறிக்கை வந்தது 1964 ஜனவரி. 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கான மெடிகேர் காப்பீட்டுச் சட்டம் 1965. ரெண்டுக்கும் ஒரு வருசம்தான் இடைவெளி. ஆனா புகையை விடுறதுக்கான ஆலோசனைக்கு மெடிகேர் காசு கொடுக்க ஆரம்பிச்சது 2005ல! அதுவும் ஏற்கெனவே புகையால நோய் வந்தவங்களுக்கு மட்டும். நோய் வராதவங்களுக்கும்னு ஆனது 2010 ஆகஸ்ட்ல. வருசத்துக்கு ரெண்டு முயற்சி, மொத்தம் எட்டு அமர்வு.

சும்மா தோணிச் செய்யல. ஏழு மாநிலங்கள்ல முதியவங்களை வைச்சே சோதனை நடத்திப் பார்த்தாங்க. வழக்கமா ஒரு புத்தகம் மட்டும் கொடுத்த குழுவுல, ஒரு வருசம் கழிச்சு விட்டிருந்தவங்க சுமார் 10 சதவீதம். போன்ல ஆலோசனையும் நிக்கோட்டின் பட்டையும் கொடுத்த குழுவுல சுமார் 19 சதவீதம். ஒரு போன் லைன், ஒரு மருந்து, அவ்வளவுதான். "கிழங்களால முடியாது"ங்கிற வாதம் அங்கயே அடிபட்டுப் போச்சு.

நூத்தி இருபது ரூபாய்

எங்க பெரியப்பா சிவகாசி அச்சகம் ஒண்ணுல ஆஃப்செட் மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இருபது வருசத்துக்கு மேல சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிச்சாங்க. பதினேழு வயசுல பிடிச்ச பீடியை அறுபத்துமூணுல விடணும்னு சொன்னப்ப, "இ.எஸ்.ஐ. இருக்கே"ன்னு நான் கேட்டேன். "வேலை போனா அட்டையும் போச்சுல்ல"ன்னார். வேலை பார்த்த இடத்துலயும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்காங்க.

அப்படி இல்லை. 1948 சட்டத்தின் கீழ் வந்த விதிகள்லயே இது இருக்கு. அஞ்சு வருசமாவது இ.எஸ்.ஐ.ல இருந்து, வயசாகி ஓய்வு பெற்றவர், வருசம் 120 ரூபாய் கட்டினா, அவருக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதி தொடரும். மாசம் பத்து ரூபாய். ஒரு பீடிக்கட்டை விடக் கம்மி. அதுலயும் ஓ.பி. உண்டு. சிவகாசியிலயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் உண்டு. ஊர்ல ரிட்டயர் ஆன பத்து பேரைக் கேட்டேன். ரெண்டு பேருக்குத்தான் தெரிஞ்சிருந்தது.

சட்டம் எழுதினவங்க வழியை வைச்சுட்டுப் போனாங்க, நடுவுல இருந்த யாரும் கையைக் காட்டல. என் ஆதங்கம் இதுதான். புதுசா ஒரு திட்டம் அறிவிக்கிறதை விட, இருக்கிற ஓ.பி. கதவை அகலமாத் திறந்தாலே வேலை பாதி முடியும். அதுக்கு இப்ப நேரமும் கூடி வந்திருக்கு:

- 2022ல அத்தியாவசிய மருந்துகளோட தேசியப் பட்டியல்ல நிக்கோட்டின் மாற்று மருந்தைச் சேர்த்துட்டாங்க.
- 2024 ஏப்ரல்ல, 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்குப் புதுப் பாலிசி கொடுக்காம இருக்க உதவின வயசு வரம்பு நீங்கிடுச்சு. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. 12ஆம் விலக்கைப் பத்தி மட்டும் யாரும் பேசல.
- 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல, ஆபத்தான தொழில்னு மத்திய அரசு அறிவிச்சா, ஒரே ஒரு ஆள் வேலை பார்த்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்தும்னு ஒரு வழி இருக்கு. பட்டாசை விட ஆபத்தான தொழில் எது? திண்ணைக்கும் சேர்த்து அந்தக் கதவு திறக்குமான்னு பார்க்கணும்.

அதுவரைக்கும் காசில்லாத வழி ஒண்ணு இருக்கு. 1800-11-2356. புகையிலையை விட நினைக்கிறவங்களுக்கான தேசிய இலவச எண். 2016ல டெல்லியில ஆரம்பிச்சு, 2018ல பெங்களூரு நிம்ஹான்ஸையும் சேர்த்த பிறகு தமிழ்லயும் பேசறாங்க. பீடிக்கட்டுலயே அந்த நம்பர் போட்டிருக்கும். நாமதான் படிக்காம கிழிச்சுப் போடுறோம். பெரியப்பா இப்ப வாரம் ஒரு தடவை அவங்ககூடப் பேசறார். ரெண்டு மாசம் ஆச்சு, நடுவுல ஒரு கல்யாண வீட்டுல மட்டும் வழுக்கினார். 120 ரூபாய்க்கான விண்ணப்பமும் கொடுத்தாச்சு, பதில் வரணும்.

உங்க வீட்லயும் இ.எஸ்.ஐ. பிடிச்ச சம்பளத்துல ரிட்டயர் ஆன பெரியவங்க இருந்தா, பழைய அட்டையைத் தேடி எடுத்துக்கிட்டு கிளை அலுவலகத்துல ஒரு எட்டு கேட்டுப் பாருங்க. என்ன சொன்னாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. நாலு பேர் அனுபவம் சேர்ந்தா அஞ்சாவது ஆளுக்கு அலைச்சல் குறையும்.