பெருவிலங்கு வேட்டையும் துப்பாக்கிக் குண்டுகளும்: தென்னிந்தியா, இலங்கை

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் இருப்பது கல்லாலான யானை. உயிருள்ள காட்டு யானையைப் பார்க்க மேற்கே கம்பம் பள்ளத்தாக்குக்கோ வருசநாட்டு மலைகளுக்கோ போக வேண்டும். இன்று தேனி மாவட்டத்தில் இருக்கும் அந்தப் பகுதி முன்பு மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் இத்தகைய மலைக்காடுகளிலும் கடல் கடந்து இலங்கையின் காடுகளிலும் யானை, காட்டெருது, புலி, சிறுத்தை ஆகியவற்றை வேட்டையாடினர். அவர்கள் எழுதிய நூல்களில் வீரக் கதைகளுக்கு இணையாகப் பக்கங்களை நிரப்பும் ஒரு விவாதம் உண்டு: எந்த விலங்குக்கு எந்தக் குண்டு?

இது வெறும் கருவி ஆராய்ச்சி அன்று. தவறான குண்டு விலங்கைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட யானையோ புலியோ சுட்டவரின் முகாமுக்கு வருவதில்லை. விறகு பொறுக்கப் போனவர்களும் மாடு மேய்த்தவர்களும்தான் அதன் எதிரே வந்தனர்.

குண்டின் எடையும் 'போர்' கணக்கும்

பழைய துப்பாக்கிகளின் அளவை 'போர்' என்ற எண்ணால் சொல்வர். ஒரு பவுண்டு (சுமார் 454 கிராம்) ஈயத்திலிருந்து குழலின் துளைக்குப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை வார்க்கலாம் என்பதே அந்த எண். 12 போர் என்றால் ஓர் உருண்டை சுமார் 38 கிராம். 8 போர் என்றால் 57 கிராம். 4 போர் என்றால் 113 கிராம். எண் குறையக் குறையக் குண்டு பெரிதாகும். மாணவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம்.

கரிமருந்துக் காலத்தில் குண்டின் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியவில்லை. எனவே எடையைக் கூட்டினர். 1840களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்னும் துப்பாக்கி செய்பவரிடம் தமக்கென ஒரு ரைபிள் செய்வித்திருந்தார். அதன் எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. அது 3 அவுன்சு (85 கிராம்) உருண்டைக் குண்டைச் சுடும். அதற்கு இடப்பட்ட கரிமருந்து மட்டுமே ஓர் அவுன்சு. சுட்டவரின் தோள் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

யானையின் மண்டை ஓடு

இந்த எடை தேவைப்பட்டதற்குக் காரணம் யானையின் தலை அமைப்பு. வெளியே பெரிதாகத் தெரியும் நெற்றிக்குப் பின்னால் தேன்கூடு போன்ற எலும்பு அறைகள் நிறைந்துள்ளன. மூளை அவற்றுக்குப் பின்னே, தாழ்வாக, தலையின் அளவோடு ஒப்பிட்டால் சிறிதாக இருக்கிறது. தூய ஈயம் மென்மையானது. எலும்பில் பட்டதும் தட்டையாகி, மூளையை எட்டாமல் நின்றுவிடும். ஆகவே யானைக்கான ஈயத்தில் வெள்ளீயமோ பாதரசமோ கலந்து கெட்டிப்படுத்தினர்.

கோணமும் முக்கியம். இலங்கை யானையை நெற்றியில் சுட்டு வீழ்த்திப் பழகிய பேக்கர், 1860களில் ஆப்பிரிக்காவுக்குச் சென்றபோது அதே முறை அங்கே பலிக்கவில்லை என்று கண்டார். ஆப்பிரிக்க யானையின் மண்டை ஓட்டின் வடிவம் வேறு. ஓரிடத்து அனுபவம் மற்றோரிடத்தில் உதவாமல் போனதை ஒளிக்காமல் எழுதியது அவர் நூல்களின் நல்ல பக்கம்.

நல்லதல்லாத பக்கமும் உண்டு. இலங்கையில் அரசே யானைகளைக் கொல்லப் பரிசுப் பணம் கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில், 3,500க்கும் மேற்பட்ட யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டதாக அங்கே குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். மேஜர் ராஜர்ஸ் என்ற அதிகாரி 1,400க்கும் மேல் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அது யானைகளின் சாபம் என்று ஊர் பேசிக்கொண்டது. அவ்வளவு பெரிய எண்ணிக்கையைப் பார்க்கும்போது ஊர்ப்பேச்சை நான் குறை சொல்ல மாட்டேன்.

புலிக்கு வேறு கணக்கு

புலிக்கு யானையைப் போன்ற தடித்த தோலோ எலும்புச் சுவரோ இல்லை. கெட்டிக் குண்டு அதன் உடலில் சிறு துளையிட்டு மறுபுறம் வெளியேறிவிடும். புலி பாய்ந்து வரும். அல்லது புதருக்குள் மறைந்து, பிறகு சாகும். எனவே உடலுக்குள் விரிந்து, உள்ளேயே நின்று, தன் விசை முழுவதையும் செலவிடும் குண்டு வேண்டும்.

இதற்காக 1850களிலிருந்து 'எக்ஸ்பிரஸ்' வகை பரவியது. முனையில் குழிவுள்ள, எடை குறைந்த, வேகமான குண்டு அது. மான் வேட்டைக்கு அது பொருந்தியது. ஆனால் பெரிய விலங்கின் தசையிலோ தோள் எலும்பிலோ பட்டால் ஆழமாகச் செல்லும் முன்பே சிதறிவிடும். பேக்கர் 1890இல் வெளியிட்ட நூலில் இதைக் கடுமையாக எதிர்த்தார். புலிக்குக் குழிவில்லாத தூய ஈயக் குண்டே சிறந்தது என்றார். .577 ரைபிளின் 650 கிரெய்ன் (சுமார் 42 கிராம்) குண்டு காளான்போல விரிந்து, மறுபக்கத் தோலுக்கடியில் போய் நிற்கும் என்பது அவர் வாதம்.

இரண்டுக்கும் நடுவே நிற்பது காட்டெருது. புலியைவிட எலும்பு பலமுள்ளது. யானையின் தலைக்கவசம் இல்லாதது. கொடைக்கானல் சாலையோரத்தில் இன்று அது நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்தத் தோளைத் துளைக்க என்ன வேண்டியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

உறையிட்ட குண்டு

1889இல் ஏபெல், டிவார் ஆகிய வேதியியலாளர்கள் உருவாக்கிய கார்டைட் என்னும் புகையில்லா மருந்து எல்லாவற்றையும் மாற்றியது. 1898இல் ரிக்பி நிறுவனம் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், 480 கிரெய்ன் (31 கிராம்) குண்டை நொடிக்குச் சுமார் 655 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. பேக்கரின் பழைய குண்டில் பாதி எடைகூட இல்லை. ஆனாலும் அதைவிட ஆழமாகச் சென்றது. அந்த வேகத்தை வெறும் ஈயம் தாங்காது. குழலிலேயே தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ஈயத்தின் மேல் செம்பு நிக்கல் கலவையிலோ எஃகிலோ உறை இட்டனர்.

இதிலிருந்து இரு குடும்பங்கள் பிறந்தன. முனை உட்பட முழுவதும் மூடிய 'சாலிட்' யானைக்கு. முனையில் ஈயம் தெரியும் 'சாஃப்ட் நோஸ்' புலிக்கும் சிறுத்தைக்கும். உறை எவ்வளவு தடிப்பு, முனையில் எவ்வளவு ஈயம் வெளியே தெரிகிறது என்பதைக் கொண்டு விரிவின் அளவை மாற்றலாம்.

1907இல் இந்தியாவுக்குள் .450 அளவுத் தோட்டாக்கள் வரத் தடை வந்தது. பழைய மார்ட்டினி ஹென்றி இராணுவத் துப்பாக்கிக்கும் அதே அளவுதான். அவை கிளர்ச்சியாளர் கைக்குப் போகும் என்ற அச்சம். உடனே இங்கிலாந்து நிறுவனங்கள் .465, .470 என்று சற்றே மாறிய அளவுகளில் புதியவற்றை விற்றன. இந்திய வேட்டைக்காரர்களின் துப்பாக்கி அளவை அரசியல் தீர்மானித்த கதை இது.

டம்டம்

விரியும் குண்டின் மற்றொரு வரலாறு கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச் சாலையில் தொடங்குகிறது. 1895 சித்ரால் போரில் .303 துப்பாக்கியின் முழு உறைக் குண்டு எதிரிகளைத் துளைத்துச் சென்றும் அவர்களை நிறுத்தவில்லை என்று இராணுவம் குறைகூறியது. கேப்டன் பெர்ட்டி கிளே முனையின் உறையை நீக்கிய குண்டை அங்கே செய்தார். 1899 ஹேக் மாநாடு, மனித உடலில் விரியும் இத்தகைய குண்டுகளைப் போரில் தடைசெய்தது. பிரிட்டன் 1907 வரை அதை ஏற்கவில்லை.

போர்க்களத்தில் கொடுமை என்று விலக்கப்பட்ட அதே அமைப்பு, வேட்டையில் இரக்கமுள்ளதாகக் கருதப்பட்டது, இன்றும் அப்படியே கருதப்படுகிறது. விரைவாகச் சாகும் விலங்கு துன்பப்படாது, ஊருக்குள்ளும் வராது என்பதே காரணம். ஜிம் கார்பெட் கொன்ற ஆட்கொல்லிப் புலிகளில் சில முன்பே துப்பாக்கிக் காயம் பட்டவை. சேலம், தர்மபுரிப் பக்கக் காடுகளில் .405 வின்செஸ்டருடன் அலைந்த கென்னத் ஆண்டர்சனின் கதைகளிலும் யாரோ அரைகுறையாகச் சுட்டுவிட்ட விலங்கு திரும்பத் திரும்ப வருகிறது. இவர்களுக்குத் தடம் காட்டிய காட்டு மக்களின் பெயர்கள் பல நூல்களில் அரிதாகவே உள்ளன. காயம்பட்ட விலங்கின் பின்னே புதருக்குள் முதலில் நுழைந்தவர்களோ அவர்கள்தான்.

பிற்காலத்தில், 1948இல், அமெரிக்காவின் ஜான் நோஸ்லர் நடுவே செம்புத் தடுப்புள்ள குண்டை உருவாக்கினார். அதன் முன்பாதி விரியும். பின்பாதி கெட்டியாக உள்ளே செல்லும். பேக்கர் காலத்துச் சண்டைக்கு ஒரே குண்டில் கிடைத்த தீர்வு. அது வந்தபோது இங்கே வேட்டையின் காலம் முடியத் தொடங்கியிருந்தது.

சட்டமும் மயக்க ஊசியும்

சென்னை மாகாணம் 1873இலேயே காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. இந்திய அளவில் 1879இல் சட்டம் வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இவ்வகை வேட்டை குற்றமாயிற்று. ஆனாலும் காட்டோரங்களில் பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்து யானைகள் வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பல நாள் அலைந்து சாவது இன்றும் நடக்கிறது.

2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் நகருக்குள் புகுந்தது. காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். கேரளத்தின் சின்னக்கானலிலிருந்து ஒரு மாதம் முன்பு பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட யானை அது. நூறு ஆண்டுகளுக்கு முன்பென்றால் யாராவது ஒரு துரை .470 சாலிட் தோட்டாக்களுடன் வந்திருப்பார். வனத்துறையினர் மயக்க ஊசித் துப்பாக்கியுடன் வந்தனர். ஊசியின் அமைப்பிலும் அதே பழைய கணக்கு இருக்கிறது: யானையின் தடித்த தோலைக் கடக்கும் நீளம் வேண்டும், தசைக்குள் நின்று மருந்தை இறக்க வேண்டும், அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது. ஜூன் 5 அன்று யானையைப் பிடித்து, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.