தள்ளுவண்டி முதல் ஊறுகாய் யூனிட் வரை... சாப்பாட்டுத் தொழில் தொடங்க எங்கே போகணும்? எவ்வளவு மானியம்? முழு விவரம்

விருத்தாசலம்:

பீங்கான் தொழிற்பேட்டை வாசல், ஜங்ஷன், பஸ் நிலையம், கோவில் சன்னதி... விருத்தாசலத்தில் சாப்பாட்டுக் கடை இல்லாத இடமே இல்லை. சூளை வேலைக்குப் போகிறவருக்கு காலை இட்லி, ரெயில் பிடிக்க வருபவருக்கு பார்சல் சாப்பாடு என்று தேவை எப்போதும் இருக்கிறது. கையில் பக்குவமும் கொஞ்சம் முதலும் இருந்தால் தொழிலில் இறங்கிவிடலாம்.

ஆனால், "லைசென்ஸ் வேணுமா? லோன் யார்கிட்ட கேட்கிறது? பாதி கடன் தள்ளுபடின்னு சொல்றாங்களே, நிஜமா?" என்ற கேள்விகளுக்கு பதில் தெரியாமல் புரோக்கரிடம் பணம் கொடுத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. கீழே சொல்லியுள்ள கடன், மானியத் திட்டங்களில் விண்ணப்பிக்க அரசுக்கு கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கான விவரம் வருமாறு:-

முதல் காகிதம் எது?

தள்ளுவண்டியோ, வீட்டில் மாவு அரைத்து விற்பதோ, எதுவாக இருந்தாலும் உணவு பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். 2006-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகள்படி, ஆண்டு விற்பனை ரூ.12 லட்சம் வரை உள்ள சிறு வியாபாரிகளுக்கு பதிவுச் சான்று போதும். கட்டணம் ஆண்டுக்கு ரூ.100. அதற்கு மேல் விற்றால் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லின. இந்த வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை. எனவே விண்ணப்பிக்கிற அன்று எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது நல்லது.

'பாஸ்காஸ்' என்ற அரசு இணையதளத்தில் போட்டோ, அடையாள அட்டை கொடுத்து விண்ணப்பிக்கலாம். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் பொது சேவை மையத்துக்குப் போகலாம். சான்றில் 14 இலக்க எண் இருக்கும். அதை கடையில் பார்வையாகத் தெரியும்படி மாட்டி வைக்க வேண்டும்.

இரண்டாவது காகிதம் 'உத்யம்' பதிவு. இது நீங்கள் குறு, சிறு தொழில் செய்கிறவர் என்பதற்கான சான்று. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார் எண் தேவை. இது முழுக்க முழுக்க இலவசம். அரசு இணையதளம் மாதிரியே பெயர் வைத்துக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

தள்ளுவண்டிக்கு கடன்

தெருவோர வியாபாரிகளுக்கு 'பி.எம். ஸ்வநிதி' கடன் 2020-ல் தொடங்கப்பட்டது. 2025-ல் தொகையை உயர்த்தி, 2030 மார்ச் வரை நீட்டித்தார்கள். முதல் தடவை ரூ.15 ஆயிரம். அதை ஒழுங்காகக் கட்டினால் ரூ.25 ஆயிரம். அதையும் கட்டி முடித்தால் ரூ.50 ஆயிரம். ஜாமீன் தேவையில்லை. தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உங்கள் கணக்குக்கே வரும்.

இதற்கு நகராட்சி கொடுத்த வியாபாரி அடையாள அட்டை வேண்டும். அட்டை இல்லாதவர்கள் நகராட்சி அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம்.

டிபன் கடை, மெஸ் வைக்க...

கொஞ்சம் பெரிதாக, இடம் பிடித்து கடை போடுபவர்களுக்கு 'முத்ரா' கடன் கைகொடுக்கும். ரூ.50 ஆயிரம் வரை சிசு, ரூ.5 லட்சம் வரை கிஷோர், ரூ.10 லட்சம் வரை தருண் என்று மூன்று பிரிவு. தருண் கடனை அடைத்தவர்களுக்கு ரூ.20 லட்சம் வரை தரும் பிரிவு 2024-ல் சேர்ந்தது. சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒன்று, முத்ராவில் மானியம் கிடையாது. வாங்கிய கடன் முழுவதையும் வட்டியோடு கட்ட வேண்டும். "முத்ராவில் பாதி கட்டினால் போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மானியம் உள்ள திட்டங்கள்

ஊறுகாய், முறுக்கு, மசாலா தூள், இட்லி மாவு, மரச்செக்கு எண்ணெய், முந்திரி, பேக்கரி என்று பொருளைத் தயாரித்து விற்பவர்களுக்கு தனி வாய்ப்பு உண்டு. 2020-ல் வந்த குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மத்திய அரசு திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் மானியம். புது யூனிட்டுக்கும் உண்டு. ஏற்கனவே ஓடுகிற யூனிட்டில் மிஷின் வாங்கவும் உண்டு. கைப்பணம் 10 சதவீதம் போட வேண்டும்.

மற்றொன்று, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். உற்பத்திக்கு ரூ.50 லட்சம், சேவைத் தொழிலுக்கு ரூ.20 லட்சம் வரை திட்ட மதிப்பு. பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், எஸ்.சி., எஸ்.டி., சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகளுக்கு நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம் மானியம். அதாவது விருத்தாசலம் நகராட்சிக்குள் யூனிட் போடுவதைவிட பக்கத்து கிராமத்தில் போட்டால் மானியம் கூடுதல்.

இந்த இரண்டு மத்திய திட்டங்களும் 2025-26 நிதியாண்டு வரை அனுமதிக்கப்பட்டவை. அதற்குப் பிறகான நிலவரத்தை விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழக அரசின் வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டத்தில் ரூ.15 லட்சம் வரையிலான தொழிலுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் ரூ.3.75 லட்சம் மானியம். குறைந்தது 8-ம் வகுப்பு படித்திருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு.

இந்த மானியத் திட்டங்களுக்கெல்லாம் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: கடலூரில் உள்ள மாவட்ட தொழில் மையம்.

மானியம் கையில் வராது!

பலரும் ஏமாறுவது இங்கேதான். மானியம் ரொக்கமாக வருவதில்லை. உதாரணத்துக்கு, ரூ.5 லட்சத்தில் முறுக்கு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 35 சதவீதம் என்றால் மானியம் ரூ.1 லட்சத்து 75 ஆயிரம். நீங்கள் போட வேண்டியது ரூ.50 ஆயிரம். மீதி ரூ.4½ லட்சம் பேங்க் கடன். மானியத் தொகை உங்கள் பெயரில் பேங்க்கிலேயே 3 ஆண்டு நிற்கும். யூனிட் ஓடிக்கொண்டிருந்து, தவணையும் ஒழுங்காக இருந்தால்தான் அது கடனில் கழிக்கப்படும்.

யூனிட்டை மூடினாலோ, தவணை நின்றாலோ மானியம் போய்விடும். கடன் மட்டும் தலையில் நிற்கும். எனவே "மானியம் வந்ததும் கமிஷன் கொடுங்க" என்று சொல்பவர், வராத பணத்துக்கு பங்கு கேட்கிறார் என்று அர்த்தம்.

மகளிர் குழுவினருக்கு

சுய உதவிக் குழுவில் இருந்து உணவுப் பொருள் தயாரிக்கும் பெண்களுக்கு, மேலே சொன்ன குறு உணவு பதப்படுத்தும் திட்டத்தில் ஒரு உறுப்பினருக்கு ரூ.40 ஆயிரம் வரை தொடக்க நிதி வைத்திருந்தார்கள். சின்ன கருவிகள் வாங்கவும், சரக்கு வாங்கவும் இது உதவும். தமிழக அரசின் 'மதி' என்ற பெயரில் குழுப் பொருட்களை விற்கவும் வழி உண்டு. மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்கலாம்.

பயிற்சி நம்ம ஊரிலேயே

கடலூர் மாவட்டத்துக்கான வேளாண் அறிவியல் நிலையம் இருப்பது விருத்தாசலத்தில்தான். நிலக்கடலை, முந்திரி ரகங்கள் வெளியிட்ட மண்டல ஆராய்ச்சி நிலையமும் இங்கே உள்ளது. விளைபொருளை மதிப்புக்கூட்டி விற்கும் பயிற்சி பற்றி இங்கே விசாரிக்கலாம். கடலூரில் இந்தியன் வங்கியின் ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி மையத்தில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். பொருளை பரிசோதிக்கவும், பெரிய மிஷின் பற்றி தெரிந்துகொள்ளவும் தஞ்சாவூரில் மத்திய உணவு தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது.

லேபிளும் ஜாடியும்

பாக்கெட் போட்டு விற்றால் பொருளின் பெயர், சேர்த்த பொருட்கள், எடை, விலை, தயாரித்த தேதி, எத்தனை நாள் தாங்கும், முகவரி, 14 இலக்க எண், சைவ-அசைவ குறி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். எடைத் தராசுக்கு தொழிலாளர் துறையின் முத்திரை அவசியம். எலெக்ட்ரானிக் தராசு என்றால் ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும்.

நம்ம ஊர் பீங்கான் ஜாடியில் ஊறுகாய் போட்டு விற்க ஆசைப்படுபவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். அழகுக்காகச் செய்த ஜாடி வேறு, உணவு வைக்கும் ஜாடி வேறு. கிளேசில் ஈயம் இருந்தால் ஊறுகாயின் புளிப்பு அதை இழுத்துக்கொள்ளும். ஈயம் கலக்காத கிளேஸ்தானா என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குவது நல்லது.

அபராதம் வராமல் இருக்க...

* நியூஸ் பேப்பரில் பஜ்ஜி, வடை மடித்துக் கொடுக்கக் கூடாது. மை வயிற்றுக்குள் போகும். 2018 விதியில் இதற்குத் தடை உள்ளது. இதைப் படிக்கிற பேப்பருக்கும் சேர்த்துத்தான்!

* ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடை. வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு பிரச்சினை இல்லாதவை.

* பொரித்த எண்ணெயை திரும்பத் திரும்ப காய்ச்சக் கூடாது. கறுத்து, நுரைத்து, புகை வந்தால் மாற்றிவிட வேண்டும்.

* கடைக்கு வீட்டு சிலிண்டர் வைக்கக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும்.

* ஓட்டல் விற்பனை ஆண்டுக்கு ரூ.20 லட்சத்தை தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை.

பேங்க்கில் திருப்பி அனுப்பினால்?

குறிப்பிட்ட வரம்பு வரையிலான சிறுதொழில் கடனுக்கு சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரையோ, கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தையோ அணுகலாம். பழைய மைக்ரோ பைனான்ஸ், குழுக் கடன் பாக்கி இருந்தால் 'சிபில்' மார்க் குறையும். அதை முடித்துவிட்டுப் போவது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் உணவு பாதுகாப்புப் பதிவு, அடுத்து உத்யம், பிறகு பயிற்சி, கடைசியில் கடன். மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு கடனுக்கு அலைவதைவிட, கடன் அனுமதி கையில் வந்த பிறகு மெஷின் பார்ப்பதே பாதுகாப்பு.