ஆற்காட்டு ரூபாய்க்கு விழுந்த வாசி

புதிய மடிக்கணினி வாங்கியவர் பெட்டியைப் பிரித்ததும் அதை உடனே இயக்கிப் பார்ப்பதில்லை. மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். அலுமினிய உறையில் கீறல் உண்டா, மூலை நசுங்கியிருக்கிறதா, மூடியும் அடிப்பாகமும் பொருந்துமிடத்தில் ஒருபுறம் இடைவெளி தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். ஏதேனும் தென்பட்டுக் கேட்டால், "வேலை செய்வதில் ஒரு குறையும் இல்லை சார், வெளித்தோற்றம் மட்டும்தான்" என்பார் கடைக்காரர். அதே கணினியைத் திருப்பிக் கொடுக்கப் போனாலோ, பெட்டி பிரித்த சரக்கு என்று விலையைக் குறைப்பார். தருகையில் குறையாகத் தெரியாத நசுங்கல், பெறுகையில் எப்படிக் குறையாகிறது?

கணினிக் காலத்தில் பிறந்த கேள்வியன்று இது. பாலாற்றங்கரையில் உள்ள ஆற்காட்டின் பெயரைத் தாங்கிய ஒரு வெள்ளி நாணயத்தை முன்வைத்து, தென்னாட்டு மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதே கேள்வியோடு வாழ்ந்திருக்கிறார்கள். புதிய உலோகத்தின் முகத்தில் விழும் வடு எப்போது குறையாகிறது, அந்தக் குறைக்கு விலை வைப்பவர் யார், அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்னும் மூன்றையும் ஆற்காட்டு ரூபாயின் வரலாற்றிலிருந்து தெளிவாகப் படிக்கலாம்.

வாசியும் வட்டமும்

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஒரு நாணயத்தின் பெயரளவு மதிப்பிலிருந்து கழிக்கப்படும் தொகைக்குத் தமிழில் 'வாசி' என்று பெயர். பிற்காலத்தில் 'வட்டம்' என்றும் வழங்கினர். 'அதற்கு இது வாசி' என்று இன்றும் நாம் பேசும்போது ஒப்பிட்டு வேறுபாடு காணும் அந்தப் பழைய பொருளே ஒலிக்கிறது.

திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்தபோது சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு காசு அளித்த வரலாற்றைப் பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் பெற்ற காசு வாசியின்றிச் செல்லுபடியாயிற்று. சம்பந்தர் பெற்றதற்கோ வணிகர் வாசி கேட்டனர். அதனால் பண்டம் வாங்கி வரத் தாமதமாகி, சம்பந்தரின் திருமடத்தில் அடியார்கள் உண்ண நேரமாயிற்று. வாசி தீர்ந்த நற்காசு வேண்டிச் சம்பந்தர் பதிகம் பாடினார். பக்தி வரலாறாக நாம் படிக்கும் இந்நிகழ்ச்சிக்குள் ஒரு கடைத்தெரு உண்மை இருக்கிறது. காசை வார்த்தவர் யாராயினும் சரி, கடவுளே கொடுத்ததாயினும் சரி, அதன் மதிப்பை முடிவு செய்பவர் அங்காடியில் உட்கார்ந்திருக்கும் வணிகர். தாமதத்தின் துன்பத்தைச் சுமந்தவர்களோ பந்தியில் காத்திருந்த அடியார்கள்.

நாணயம் சோதிப்பவருக்குச் சங்ககாலத்திலேயே 'வண்ணக்கன்' என்று பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் முதலிய புலவர் பெயர்களில் அத்தொழில் ஒட்டி நிற்பது நாம் அறிந்ததே. பொன்னின் குற்றம் காணும் கண்ணும் சொல்லின் குற்றம் காணும் கண்ணும் ஒருவரிடமே அமைந்திருந்த காலம் அது. சோழர் கல்வெட்டுகள் 'தீப்போக்குச் செம்பொன்' என்றும் 'அன்றாடு நற்காசு' என்றும் அடைகொடுத்துப் பேசுவதும் வாசி பற்றிய எச்சரிக்கையே. தீயிலிட்டுத் தேறிய பொன், அன்று வழக்கிலிருக்கும் நல்ல காசு என்று எழுதிவைக்காவிட்டால் பின்னாளில் வழக்கு வரும்.

ஒரு பெயர், பல அக்கசாலைகள்

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவாப் சாதத்துல்லா கான் காலத்தில் ஆற்காடு கர்நாடகத்தின் தலைநகராயிற்று. முகலாயப் பேரரசர் பெயரில், ஆற்காட்டு அக்கசாலையின் பெயர் தாங்கி, வெள்ளி ரூபாய்கள் அச்சாயின. வணிகத்தில் அந்த ரூபாய்க்குக் கிடைத்த நன்மதிப்பைக் கண்ட ஐரோப்பியக் கும்பினிகள் அதைத் தாமே அச்சிட விரும்பின. 1736-இல் புதுச்சேரி ஆளுநர் துய்மா, நவாப் தோஸ்து அலி கானிடமிருந்து ஆற்காட்டு ரூபாய் அச்சிடும் உரிமையைப் பெற்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். 1742-ஐ ஒட்டி ஆங்கிலக் கும்பினியும் சென்னையில் அவ்வுரிமையை அடைந்தது. புதுச்சேரி ரூபாயில் பிறை, சென்னை ரூபாயில் தாமரை என்று அடையாளங்கள் வேறுபட்டனவேயன்றி, ஊர்ப்பெயர் எல்லாவற்றிலும் ஆற்காடுதான். பின்னர் வங்காளத்திலும் ஆற்காட்டு ரூபாய்கள் அச்சாயின. ஓர் ஊரின் பெயர் அவ்வூரை விட்டு வெளியேறி ஒரு தரத்தின் பெயராக மாறிவிட்டது.

இந்த நாணயங்கள் கையால் அடிக்கப்பட்டவை. நிறை பார்த்து வெட்டிய வெள்ளித் துண்டை அச்சின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அச்சு பெரிது, வெள்ளித் துண்டு சிறிது. ஆகவே எழுத்துகள் முழுமையாக விழுவது அரிது. ஒரு நாணயத்தில் அரசர் பெயரின் பாதி இருக்கும், இன்னொன்றில் ஆட்சியாண்டு விளிம்புக்கு வெளியே போயிருக்கும், மற்றொன்றில் ஓரம் வெடித்திருக்கும். இன்றைய பொருளில் சொன்னால், அக்கசாலையை விட்டு வெளிவரும்போதே ஒவ்வொரு ரூபாயும் தோற்றக் குறையோடுதான் பிறந்தது. அதை யாரும் குறையாகக் கருதவில்லை. வெள்ளியின் நிறையும் மாற்றும் சரியாக இருந்தால் போதும்.

சோதித்த தழும்பு

சிக்கல் அடுத்த நிலையில் தொடங்கிற்று. உள்ளே செம்பும் மேலே வெள்ளிப் பூச்சுமாகக் கள்ள நாணயங்கள் உலவின. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. எனவே சராப்புகள் என்று வழங்கப்பட்ட நாணயமாற்று வணிகர்கள், சிறு உளியால் நாணயத்தின் முகத்தில் ஒரு குத்துக் குத்திப் பார்த்தனர். உள்ளேயும் வெள்ளி தெரிந்தால் நாணயம் நல்லது. சிலர் தமக்குரிய சிறு முத்திரையையே பதித்தனர். பிறை, பூ, புள்ளி, எழுத்து எனப் பல வடிவங்களில் அத்தழும்புகளை இன்றும் அருங்காட்சியக நாணயங்களில் காணலாம்.

இங்கேதான் முரண் இருக்கிறது. நாணயம் நல்லது என்று சான்று கூறும் தழும்பே அதன் முகத்தைக் கெடுக்கிறது. பத்துக் கை மாறிய ரூபாய் பத்து முறை சோதிக்கப்பட்டது; அதாவது பத்து மடங்கு நம்பத்தக்கது. ஆனால் பத்துத் தழும்பு பட்ட நாணயம் பார்வைக்குப் பழையது, தேய்ந்தது, வட்டம் பிடிக்கத்தக்கது. சீனத்தின் காண்டன் துறைமுகத்தில் இது உச்சத்துக்குப் போயிற்று. அங்கே வணிகர்கள் ஸ்பானிய வெள்ளி டாலர்களில் முத்திரைமேல் முத்திரையாகக் குத்தியதில், சில நாணயங்கள் தட்டை வடிவம் இழந்து கிண்ணம்போல வளைந்தே போயின. வெள்ளி குறையவில்லை, வடிவம் மட்டும் போயிற்று.

வங்காளத்தில் தழும்புகூடத் தேவைப்படவில்லை. சிக்கா எனப்பட்ட புதிய ரூபாய் 100-க்கு, கணக்கு ரூபாய் 116 என முதலாண்டில் மதிப்பு. இரண்டாம் ஆண்டில் அது 113 ஆகும், மூன்றாம் ஆண்டு முதல் 111 ஆகும். ரூபாய் பெட்டியிலேயே கிடந்து ஒரு குன்றிமணி வெள்ளியும் தேயாமல் இருந்தாலும் கழிவு கழிவுதான். நாணயத்தில் பொறித்த ஆட்சியாண்டே அதற்கு வயதாகிவிட்டதைக் காட்டிக்கொடுத்தது. புதிய மாதிரி வந்ததும் பழைய மாதிரிக் கணினியின் விலை இறங்குவதை அறிந்த நமக்கு இது புதிராகத் தோன்றாது.

இந்தக் கழிவை யார் சுமந்தார்கள் என்று பார்க்க வேண்டும். சராப்பு வாங்கும்போது வட்டம் பிடிப்பார். கொடுக்கும்போது அதே நாணயத்தை நல்ல நாணயமாக எண்ணிக் கொடுக்க முயல்வார். நெசவாளிக்குக் கூலியாகவும் சிப்பாய்க்குச் சம்பளமாகவும் வந்த ரூபாய் முழு ரூபாயாக எண்ணப்பட்டது. அதையே அவர்கள் கடைக்கும் வரிக்கும் கொண்டுபோனபோது வட்டம் விழுந்தது. பிறைக்கு ஒரு விலை, தாமரைக்கு ஒரு விலை, பழையதற்கு ஒரு விலை. பாரசீக எழுத்தைப் படிக்கத் தெரியாத குடியானவன் எந்த விலையையும் மறுக்க இயலாது. வடு நாணயத்தின் முகத்தில். இழப்பு அதைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவனின் வயிற்றில்.

இறந்துபோன பேரரசரின் ஆண்டு

இதற்குக் கிடைத்த தீர்வு மேலும் தூய வெள்ளியன்று என்பதே இவ்வரலாற்றின் முக்கியமான பாடம். முதலில் ஆண்டை உறையவைத்தார்கள். வங்காளத்தில் ஷா ஆலமின் 19-ஆம் ஆட்சியாண்டைத் தாங்கியே ரூபாய்கள் தொடர்ந்து அச்சாயின. சென்னையில் 1807 முதல் இயந்திரத்தால் அச்சான ஆற்காட்டு ரூபாய்கள், இரண்டாம் ஆலம்கீரின் 6-ஆம் ஆட்சியாண்டையும் ஹிஜ்ரி 1172-ஐயும் தாங்கி வந்தன. அப்பேரரசர் 1759-லேயே கொல்லப்பட்டுவிட்டார். நாணயம் எந்த ஆண்டில் பிறந்தது என்று தெரியாவிட்டால் வயதைச் சொல்லி வட்டம் பிடிக்க முடியாது. ஒரு பொய்த் தேதி ஏமாற்றுக்கு வழியை அடைத்தது!

இயந்திரம் இன்னொன்றையும் செய்தது. வட்டம் பிசகாத உருவம், முழுமையாக விழுந்த எழுத்து, விளிம்பில் நெருக்கமான கோடுகள். விளிம்பைச் சுரண்டி வெள்ளியைத் திருடினால் கோடு அழிந்து காட்டிக்கொடுக்கும். இங்கிலாந்தில் முன்பே கையாளப்பட்ட உத்தி இது. அழகுக்காக இட்டதுபோல் தோன்றும் விளிம்புக்கோடு, உண்மையில் எவரும் கண்ணால் பார்த்துச் சோதிக்கக்கூடிய அளவுகோல்.

ஆனால் அக்காலச் சென்னையில் வெளிவந்த மற்றொரு நாணயம் புதுமைக்குள்ளும் பழைய வடு இருந்ததைக் காட்டுகிறது. ஒருபுறம் விண்மீன்கள் சூழ்ந்த கோபுரமும் மறுபுறம் திருமாலும், ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழி எழுத்துகளும் கொண்ட வெள்ளி அரைப் பூவராகன் அது. ஸ்பானிய டாலர்களை உருக்காமல் அவற்றின் மீதே இந்த அச்சை அடித்தார்கள். அச்சு முழு வலிமையோடு விழாத இடங்களில் ஸ்பானிய அரசரின் முகமோ எழுத்தோ கோபுரத்தின் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். அக்கசாலையிலிருந்து நேரே வந்த புத்தம்புது நாணயத்தில் அயல்நாட்டு அரசரின் ஆவி!

1818-இல் சென்னை மாகாணத்தில் பூவராகனுக்குப் பதிலாக ரூபாயே அடிப்படை நாணயமாயிற்று. எடை 180 கிரெயின், அதில் தூய வெள்ளி 165 கிரெயின். 100 பூவராகனுக்கு 350 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 1835-இல் கும்பினி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தபோது இந்த 180 கிரெயின் எடையே ஏற்கப்பட்டது. தாமரையும் பிறையும் மறைந்தன. ஆற்காட்டின் பெயரும் நாணயத்திலிருந்து மறைந்தது.

தோலும் உலோகமும்

அதே வட்டாரம் இன்று தோலுக்குப் பெயர் பெற்றது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எங்கும் பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவர்கள் மேற்பரப்பைத்தான் படிக்கிறார்கள். உண்ணிக் கடி, முள்ளும் கொம்பும் கீறிய தடம், சூடு போட்ட தழும்பு, தோலுரிக்கும் கத்தியின் வெட்டு ஆகிய ஒவ்வொன்றும் தரத்தை ஒரு படி இறக்கும். வடு மிகுந்த தோலின் மேற்பரப்பைத் தேய்த்துச் செயற்கைப் புள்ளியமைப்பை அழுத்தி எடுப்பதும் உண்டு. ஆனால் உண்ணிக் கடியும் கத்தி வெட்டும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் பார்வைக் குறை. பின்னது ஆழமானால் காலணி கிழியும் இடம். இரண்டையும் பிரித்தறிவதே தேர்ந்த கையின் வேலை.

மடிக்கணினி உறைக்கும் இது பொருந்தும். மூடியில் ஒரு கீறல் வெறும் கீறல்தான். மூலை நசுங்கல் கீலையோ திரையையோ அழுத்தினால் அது தோற்றக் குறையன்று. அடிப்பாகம் தானாகவே மேலெழும்பி வளைந்தால், உள்ளே மின்கலம் உப்பியிருக்கக்கூடும், அது ஆபத்து. வெள்ளிப் பூச்சுக்குள் செம்பு இருந்ததைப்போல, மேற்பரப்பு சில வேளைகளில் உள்ளிருப்பதைப் பேசும், சில வேளைகளில் பேசாது. எது எப்போது என்று சொல்லும் அதிகாரம் விற்பவரிடம் மட்டும் இருக்கும்வரை, அவர் சராப்பின் இடத்தில் இருக்கிறார்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாடு என்பதை வரையறுக்கும்போது, சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்தோடு, வணிகர் தாமே உரிமை கொண்டாடிய தரத்தையும் அளவுகோலாகச் சேர்க்கிறது. கண்ணைக் கவரும் உலோக உறையைக் காட்டி விலை சொன்னவர், அந்த உறை வளைந்திருக்கும்போது மட்டும் அது பொருட்டல்ல என்று கூறுவது வாங்கும்போது ஒரு வட்டமும் விற்கும்போது ஒரு வட்டமும் பிடிப்பதேயாகும்.

'நாணயம்' என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஆற்காட்டு ரூபாயின் வரலாறு இந்த இரு பொருளும் ஏன் ஒரே சொல்லில் தங்கின என்பதற்கு நல்ல விளக்கம். இன்றும் நாணயச் சேகரிப்பாளர்கள் சராப்புத் தழும்பில்லாத ஆற்காட்டு ரூபாய்க்கே அதிக விலை தருகிறார்கள். தழும்பு பட்ட நாணயத்துக்கு இருநூறு ஆண்டுக்குப் பிறகும் வாசி தீரவில்லை. ஆனால் அந்த ரூபாய் எத்தனை கை மாறியது, எத்தனை பேர் அதை ஐயுற்றுப் பின் நம்பினார்கள் என்பதைச் சொல்லும் எழுத்து அந்தத் தழும்புகளில்தான் இருக்கிறது.